வயிறுதான் என்றார்கள், நாங்கள் நம்பவில்லை

எங்கள் குடும்பத்தில் யாராவது நெஞ்சு நோகிறது என்று சொன்னால், அது வாய்வாக இருக்கும் என்று ஆறுதல் சொல்ல ஆளில்லை. அப்படிச் சொல்லித்தான் அண்ணனைப் பறிகொடுத்தோம்.

தேற்றாத்தீவில் அவருடைய வீட்டில், மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறார். அவருடைய மனைவி தவமணி மச்சாள் இஞ்சியும் உள்ளிப்பூண்டும் அவித்துக் கொடுத்திருக்கிறார். அக்கம்பக்கத்தார் வந்து முதுகைத் தடவிவிட்டு, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிப் போனார்கள். கொஞ்சம் சரிந்து படுக்கிறேன் என்று உள்ளே போன அண்ணன் பிறகு எழும்பவில்லை. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நான் அவருக்கு அடுத்தவன். கல்லடியில் ஒலிபெருக்கிகள் வாடகைக்கு விடும் தொழில். கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, சாவீடு என்று எல்லா இடத்துக்கும் எங்கள் பெட்டிகள் போகும். பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு நோவு வந்துவிட்டது. பார்மசியில் கேட்டு வாங்கும் நோவுக் குளிசைதான் மருந்து. சாப்பாட்டு நேரம் என்று ஒன்று எனக்கு இருந்ததில்லை. பொடியனாக இருந்த காலத்திலேயே மேல்வயிறு எரியும். எரிந்தால் ஒரு வெள்ளைக் குளிசையைச் சப்புவேன், அல்லது ஒரு வாய் பாண் தின்பேன். இதை ஒரு நோய் என்று நான் நினைத்ததே இல்லை.

அண்ணனின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு என் மனைவி சுகந்தி என்னை இரத்தம் சோதிக்க இழுத்துப் போனாள். கொலஸ்ட்ரோல் கூடுதலாக இருந்தது. கிளினிக்கில் இருந்த டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கொலஸ்ட்ரோல் என்பது இரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு. அதில் கெட்டது இரத்தக் குழாயின் சுவரில் படிந்து வழியைச் சுருக்கும். நல்லது, படிந்ததை அள்ளிக்கொண்டு போய் ஈரலில் சேர்க்கும். எனக்குக் கெட்டது கூடுதல், நல்லது குறைவு. நான் எலும்பும் தோலுமான ஆள். கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மெலிந்தவர்களுக்கும் வரும், பரம்பரையாகவும் வரும் என்றார். அண்ணனைப் பற்றிச் சொன்னதும் பேனையை வைத்துவிட்டு ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் போதுமாக இருந்தது.

அன்று தொடக்கம் பயம் வீட்டில் ஓர் ஆள் மாதிரிக் குடியிருந்தது. சுகந்தி தேங்காய்ப்பால் விடாமல் கறி வைத்தாள். தேங்காய் இல்லாத மீன் சொதியை எங்கள் பக்கத்து ஆள் எவரும் முகம் சுளிக்காமல் குடிக்கமாட்டார். மகளும் எங்களோடு அதையே சாப்பிட்டாள். இடதுபக்கம் சரிந்து படுத்தால் இதயம் அடிப்பது காதில் கேட்கும். அடி ஒன்று தவறியது போல இருக்கும். வலப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, நாளைக்கு யார் பெட்டிகளை ஏற்றுவார்கள் என்று யோசித்துக்கொண்டு கிடப்பேன்.

கொலஸ்ட்ரோல் குளிசை தொடங்கிச் சில மாதங்கள் போயிருக்கும். தேற்றாத்தீவுப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பெட்டி கட்டப் போனேன். இரண்டொரு நாளாகவே உடம்பு சோர்ந்து கிடந்தது. மலம் தார் போலக் கறுத்துப் போனது. முருங்கையிலை கூடுதலாகச் சாப்பிட்டதால் இருக்கும் என்று நினைத்து, அதை யாருக்கும் சொல்லவில்லை.

வேலை முடித்துச் சாப்பிட மச்சாள் வீட்டுக்குப் போனேன். இரண்டு வாய் சோறு உள்ளே போயிருக்காது. மேல்வயிற்றில் பிடித்த நோவு நெஞ்சின் நடுவால் ஏறியது. நெற்றியெல்லாம் வியர்வை. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன்.

மச்சாள் உள்ளே ஓடிப்போய்த் தன் கைப்பையைக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலம். அண்ணன் செத்த பிறகு யாரோ அவரிடம், அந்த நேரம் ஓர் அஸ்பிரின் சப்பக் கொடுத்திருந்தால் தப்பியிருப்பார் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கே போனாலும் அதைக் கொண்டு திரிந்திருக்கிறார். எங்களுக்கு ஒருவருக்கும் தெரியாது.

"சப்புங்க மச்சான். முழுங்காம நல்லாச் சப்புங்க," என்றார். குளிசையை என் வாயருகே நீட்டினார். குரல் நடுங்கவில்லை.

சப்பினேன். அம்புலன்ஸ் வந்தது. களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில் உடனே ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டி, இதயத்தின் மின் ஓட்டத்தைக் கடதாசியில் கோடாக எடுக்கும் சோதனை அது. இளம் டொக்டர் அந்தக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் மேல்வயிற்றை அமத்தினார். துள்ளிவிட்டேன். இதயம் பழுதுபட்டால் இரத்தத்தில் காட்டும் ஒரு சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். சில மணித்தியாலம் கழித்து அதை மறுபடியும் செய்யவேண்டும், முதல்தரம் காட்டாதது இரண்டாம்தரம் காட்டக்கூடும் என்றார்கள்.

"இப்போதைக்கு ஹார்ட் எண்டு தெரியேல்ல. வயிறாத்தான் இருக்கவேணும்," என்றார் டொக்டர்.

மச்சாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். "டொக்டர், அந்தச் சொல்ல மட்டும் சொல்லாதீங்க. எங்கட வீட்டுக்காரருக்கும் வயிறு எண்டுதான் நாங்க சொன்ன. சொல்லிப்போட்டுப் படுக்க விட்டம்."

டொக்டர் கோபிக்கவில்லை. இரண்டையும் பார்ப்போம் அம்மா, ஒன்றையும் விடமாட்டோம் என்று சொன்னார். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப ஒழுங்கு செய்தார். அம்புலன்ஸில் படுத்தபடி மேலே ஆடிய சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டு போனேன். வெளியே என்ன போகிறது என்று தெரியாது. ஒரு திருப்பத்தில் மீன் மணம் வந்தது. இந்த மணத்தை இனி மணப்பேனா என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மச்சாள் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். தன் கண்ணைத் துடைக்கவில்லை.

சுகந்தியும் மகளும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். வார்ட்டில் கட்டிலுக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டியது. வாந்தி கோப்பித்தூள் கரைத்தது போலக் கறுப்பாக வந்தது. தாதி அதைக் கண்டதும் ஓடினார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ கால்பக்கத்தை உயர்த்தினார்கள். இரண்டு கையிலும் ஊசி. என்ன குளிசைகள் குடிக்கிறீர்கள் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. நோவுக் குளிசையைச் சொன்னேன். எவ்வளவு காலமாக என்றார்கள். வருடக்கணக்காக என்றேன். அப்போது கதவடியில் இருந்து மச்சாளின் குரல் வந்தது.

"நான் அஸ்பிரின் குடுத்தன். மத்தியானம். ஒண்டு."

வார்ட்டில் ஒருவரும் அவரை ஏசவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லாததுதான் அவரைக் கொன்றது என்று பிறகு சுகந்தி சொன்னாள்.

கோப்பித்தூள் போன்ற வாந்தியும் கறுத்த மலமும், வயிற்றுக்குள் இரத்தம் கசிவதன் அடையாளங்கள். இரத்தம் வயிற்று அமிலத்தில் பட்டால் அப்படிக் கறுக்கும். அஸ்பிரின் இரத்தத்தை உறையவிடாது. மாரடைப்புக்கு அதுதான் வேண்டும். வயிற்றில் கசிபவனுக்கு அதுதான் கூடாது. இதய இரத்தச் சோதனையின் இரண்டாவது முடிவு இன்னும் வரவில்லை. வைத்தியர்கள் கட்டிலைச் சுற்றி நின்று மெல்லிய குரலில் கதைத்தார்கள். ஹார்ட் என்று வந்தால் என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய பேச்சு என்று எனக்கு விளங்கியது. ஒரே உடம்பில் இரத்தம் ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. கையும் காலும் குளிர்ந்து, எனக்குச் சொந்தமில்லாதவை போலக் கிடந்தன.

முடிவு வந்தது. இதயத்துக்குப் பழுதில்லை. சுகந்தி அதைக் கேட்டுச் சந்தோசப்படவில்லை. இன்னொருதரம் சோதியுங்கள் என்று டொக்டரிடம் கெஞ்சினாள். அவர்களும் இன்னோர் ஈசிஜி எடுத்துக் காட்டினார்கள்.

முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய இரத்தம் சொட்டுச் சொட்டாக எனக்குள் இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் மரியதாஸ் என்ற வயதான மனிதர் இருந்தார். முன்பு லொறி ஓட்டியவராம். என்னோடு ஒரு வார்த்தை பேசமுன்னமே செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கிவிட்டார். எனக்காகவா என்று சுகந்தி கேட்டதற்கு, இரத்தம் ஏறுகிறவரைக்கும் சொல்கிறேன் பிள்ளை, என்னுடைய கணக்குப் பிறகு என்றாராம்.

அடுத்த நாள் எண்டோஸ்கோப்பி. வாய் வழியாகக் கமரா பொருத்திய குழாயை விட்டு வயிற்றின் உட்பக்கத்தைப் பார்ப்பது. தொண்டை மரத்துப்போக ஒரு மருந்தை அடித்தார்கள். சாகும் ஆளின் தொண்டை இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். பற்களுக்கு இடையில் ஒரு வளையத்தை வைத்து, இடதுபக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார்கள். குழாய் உள்ளே போகும்போது ஓங்காளித்தது, கண்ணால் நீர் ஓடியது. ஒரு தாதி என் நெற்றியில் கைவைத்து, மூக்கால மூச்சு எடுங்க அண்ணா, மூக்கால, மூக்கால என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய முகத்தை நான் காணவில்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கரைக்கு வந்தேன்.

இரைப்பையின் சுவரில் பெரிய புண் ஒன்று இருந்தது. அதன் நடுவில் கசிந்த இரத்தக் குழாயை உள்ளேயே ஒரு சின்னக் கவ்வியால் பூட்டிவிட்டார்கள். அதோடு புண்ணின் ஓரத்திலிருந்து நுணுக்கமான சதைத் துண்டுகளை எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். இப்படிப் புண் இருக்கிற எல்லாருக்கும் எடுப்பதுதான் என்று வயிற்று நோய்களுக்கான பெரிய டொக்டர் சொன்னார். புற்றுநோயா என்று கேட்டேன். "அது இல்லை எண்டு உறுதிப்படுத்தத்தான் எடுத்தது," என்றார். அந்த வசனத்தை அன்று முழுக்க நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தச் சொல் அதற்குள் இருந்தது.

முடிவு வரும் வரைக்கும் காத்திருந்த நாட்களைத்தான் இன்றும் நினைக்க முடியாமல் இருக்கிறது. மாரடைப்பென்றால் ஒரு நொடி என்று முன்பு பயந்தேன். இது மெல்ல மெல்லத் தின்னும் பயம். காலையில் வைத்தியர்கள் சுற்றி வரும்போது அவர்களுடைய முகங்களைப் படிப்பேன். பக்கத்துக் கட்டிலில் அதிக நேரம் நின்றால் என்னைத் தவிர்க்கிறார்கள் என்று தோன்றும். என்னிடம் அதிக நேரம் நின்றால் அதற்கும் ஒரு காரணம் தோன்றும். மகள் பார்வையாளர் நேரத்தில் வந்து என் கால்நகங்களை வெட்டிவிட்டாள். ஏன் பிள்ளை இதெல்லாம் என்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை அப்பா என்றாள்.

மச்சாள் வரவில்லை. கஞ்சி மட்டும் ஆட்களிடம் கொடுத்தனுப்பினார். கேட்டதற்குச் சுகந்தி முதலில் சமாளித்தாள். பிறகுதான் சொன்னாள். மச்சாள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையாம். அண்ணனுக்கு ஒன்றும் கொடுக்காமல் கொன்றேன், தம்பிக்குக் கொடுத்துக் கொல்லப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு மூலையில் இருக்கிறாராம்.

நான் டொக்டரிடம் சொல்லி மச்சாளை வரவழைத்தேன். டொக்டர் தன் வேலைகளுக்கு நடுவில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் இருந்தார்.

"அம்மா, இந்தப் புண் கன காலமா இரிக்கு. இரத்தமும் நீங்க குளிசை குடுக்க முன்னமே கசியத் தொடங்கிற்று. கறுப்பாப் போனது அதாலதான். அது உங்களுக்குத் தெரியா, தெரிஞ்ச ஆள் இவர்தான். நெஞ்சு நோவெண்டு உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தீங்களே, வீட்டில வச்சிருந்தா இவர் இண்டைக்கு இல்லை."

மச்சாள் தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியாது. ஆனால் அதன் பிறகு தினமும் வந்தார்.

சதைச் சோதனையின் முடிவு ஒரு காலை வந்தது. புற்றுநோய் இல்லை. சுகந்தி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். டொக்டர் தொடர்ந்து சொன்னதை நான் பாதிதான் கேட்டேன், அதனால் பிறகு மறுபடி கேட்டேன். புண்ணுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, நான் விழுங்கித் தள்ளிய நோவுக் குளிசை. மற்றது ஒரு கிருமி. ஹெலிகோபக்டர் பைலோரி என்று பெயர். சுருள் வடிவமான பக்டீரியா. இரும்பையும் தின்னும் வயிற்று அமிலத்துக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு வாழும். பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டார் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். பலபேருக்கு ஒரு கரைச்சலும் தராது. எனக்கு அது பல பத்து வருடங்களாக உள்ளே எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

என் கொலஸ்ட்ரோல் சோதனைத் துண்டையும் அவர் பார்த்திருந்தார். மெலிந்த எனக்கு அது ஏன் கூடியது என்று அவரிடமும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். இந்தக் கிருமி நெடுநாள் இருப்பவர்களில் கெட்ட கொழுப்புச் சற்றுக் கூடுதலாகவும் நல்லது குறைவாகவும் இருப்பதைச் சில ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வயிற்றில் ஓயாமல் ஒரு அழற்சி இருந்தால், உடம்பு முழுக்க அதன் சூடு பரவி, ஈரல் கொழுப்பைக் கையாளும் விதம் மாறக்கூடும். ஆனால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று அறுதியாகச் சொல்ல முடியாது. கிருமியைக் கொன்ற பிறகு சிலருக்குக் கொழுப்புச் சீராகிறது, சிலருக்கு ஆகவில்லை.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். என்னுடைய இரண்டு பயங்களும் ஒரே பயம்தானா? கிருமி செத்தால் இரண்டும் சாகுமா? டொக்டர் என் முகத்தைக் கண்டிருப்பார் போல. "அப்பிடி எழுதி வைக்காதீங்க. உங்கட அண்ணனை மறக்காதீங்க. ஹார்ட்டை நாங்க வேறயாப் பாப்பம்," என்றார்.

கிருமிக்கு இரண்டு வகை அன்டிபயோட்டிக்கும் அமிலத்தைக் குறைக்கும் குளிசையும் இரண்டு வாரத்துக்குத் தந்தார்கள். ஒரு நேரமும் தவறக்கூடாது, தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அதோடு இன்னொன்று. அந்த மருந்துகளில் ஒன்று கொலஸ்ட்ரோல் குளிசையோடு சேரக்கூடாதாம், சேர்ந்தால் தசைகளுக்குக் கேடாம். ஆகவே அந்த இரண்டு வாரமும் கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்தச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தேன். வாயெல்லாம் இரும்பைச் சப்பியது போலக் கசப்பு. தண்ணீர்கூடக் கசந்தது. கசப்பைவிட, கொலஸ்ட்ரோல் குளிசை இல்லாமல் படுக்கப் போவதுதான் பயமாக இருந்தது. வயிற்றைக் காப்பாற்றப் போய் நெஞ்சைத் திறந்துவிட்டோமோ என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சுகந்தி தன் கையை என் நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சில மாதங்கள் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறி ஒரு வெளிறிய தழும்பு மட்டும் இருந்தது. கிருமி இல்லை. கொலஸ்ட்ரோலில் கெட்டது குறைந்திருந்தது, நல்லது சிறிது ஏறியிருந்தது. கிருமி போனதாலா, குளிசையாலா, சுகந்தியின் சொதியாலா என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். குளிசையை விடவேண்டாம், நோவுக் குளிசையைத் தொடவேண்டாம் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒருவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

அன்று மச்சாளும் கூட வந்திருந்தார். எழும்பப் போகும் நேரத்தில் டொக்டரிடம் கேட்டார்.

"எங்கட அவருக்கும் இந்தக் கிருமி இருந்திருக்குமா டொக்டர்?"

"இருந்திருக்கலாம். ஒரே வீட்டில வளந்த சகோதரங்கள். ஆனா அவரைக் கொண்டுபோனது அதுதான் எண்டு நான் சொல்லமாட்டன் அம்மா. தெரியா."

மச்சாள் எழும்பாமல் கதிரையிலேயே இருந்தார். பிறகு, யாரோ வேறு ஆளைப் பற்றிச் சொல்வது போல, "எனக்கும் எரியிறதுதான். அவர் போன காலம் தொட்டு. சாப்பிட்டா நோகும் எண்டு ஒரு நேரந்தான் சாப்பிடுறன்," என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். சேலைக்குள் அவர் எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்பதை அதுவரைக்கும் நாங்கள் ஒருவரும் கண்டிருக்கவில்லை. டொக்டர் உடனே அவருக்கும் எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்தார்.

அந்த நாளில் நானே கூட்டிப் போனேன். உள்ளே கூப்பிட்டதும் கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார். "எங்கயும் போயிராதீங்க மச்சான். இதிலதான் இரிக்கவேணும்."

கதவு மூடியது. வெளியே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தேன். உள்ளே நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். இப்போது மருந்து அடிப்பார்கள், இப்போது வளையத்தை வைப்பார்கள். தெரிந்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை. அந்த மேசையில் நான் கிடந்தபோது என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு குரல் இருந்தது. வெளியில் இருந்த சுகந்திக்கும் மச்சாளுக்கும் இந்த வாங்கு மட்டுந்தான் இருந்திருக்கிறது. கண்ணாடியின் கால்களை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பினேன். வேறு யாரோ வந்தார்கள்.

கடைசியில் மச்சாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. பேச்சுக் குழறியது.

"புண் இல்லையாம். உள்ளுக்க சிவந்து கிடக்காம். கிருமி இரிக்கா எண்டு மறுகா சொல்லுவாங்களாம்."

கையைப் பிடித்து இருத்தினேன். கண்ணாடியைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பசிக்குது மச்சான்," என்றார்.

அண்ணன் செத்த பிறகு அவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. தொண்டை மரப்பு விடும் வரைக்கும் ஒரு வாய் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்று தாதி சொல்லியிருந்தார். அது விடும் வரைக்கும் நாங்கள் இருவரும் அந்த வாங்கிலேயே இருந்தோம்.